மயிரும் மானமும்

தேன்கனிக்கோட்டை, ஓசூர், கிருஷ்ணகிரி ஆகிய இடங்களிலுள்ள வாலிபத் தோழர்கள் கொஞ்ச காலமாக நம்மிடம் ஒரே விஷயத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறார்கள். அது கடவுளைப் பற்றியதும் அல்ல, மோட்சத்தைப் பற்றியதும் அல்ல. தலைமயிரைப் பற்றியதாகும். "இருபத்தைந்து வயதிலேயே நெற்றி மேலே ஏறிவிட்டதே, இதற்கு என்ன செய்வது? இந்தத் தைலம் வாங்கலாமா? அந்த மாத்திரை சாப்பிடலாமா? பெங்களூருக்குப் போய் மயிர் நட்டுக்கொள்ளலாமா?" என்பவையே அக்கேள்விகள்.

இதைப் பார்த்துச் சிலர், "பகுத்தறிவுப் பத்திரிகைக்கு மயிரைப் பற்றி என்ன வேலை?" என்று நகைக்கக்கூடும். மனிதனுடைய பயம் எங்கே இருக்கின்றதோ அங்கேதான் புரட்டுக்காரன் கடை வைக்கிறான் என்பது நாம் வெகுகாலமாகச் சொல்லி வருவதேயாகும். சாவைக் கண்டு பயந்தவனிடம் ஒருவன் திதி வாங்குகிறான், கிரகத்தைக் கண்டு பயந்தவனிடம் மற்றொருவன் பரிகாரக் காசு வாங்குகிறான், வழுக்கையைக் கண்டு பயந்தவனிடம் மூன்றாமவன் தைலக் காசு வாங்குகிறான். மூன்று பேருக்கும் முதல் ஒன்றுதான், அதாவது கேள்வி கேட்காத புத்தி. ஓசூர்த் தொழிற்சாலையில் இராப்பகலாக முறை மாறி வேலை செய்யும் ஒரு வாலிபன், தன் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பியது போக மிஞ்சியதைத் தைலப் புட்டிக்கும், மிஞ்சாவிட்டால் கடன் வாங்கி மயிர் நடுவதற்கும் கொடுக்கிறான் என்றால், அது நம்முடைய கவலைக்கு உரிய விஷயமே அல்லாமல் வேறு என்ன என்று கேட்கின்றோம்.

வழுக்கை என்பது தமிழனுக்கு மாத்திரம் வந்ததல்ல. நம் தாலூக்காவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கு பாஷைகளும் பேசப்படுகின்றன. தெலுங்கர் பட்டதல என்பார்கள், கன்னடத்தார் பொக்க தலெ என்பார்கள். பெயர்தான் வேறே தவிர, தலை ஒன்றுதான். கோவிலுக்குப் போகிறவன், மசூதிக்குப் போகிறவன், மாதாகோவிலுக்குப் போகிறவன், எங்கும் போகாத நம்மைப் போன்றவன் எல்லோருக்கும் வழுக்கை விழுகிறது. ஆதலால் இது சாபத்தாலோ, முன்ஜென்மப் பாபத்தாலோ வருவதென்று சொல்ல ஒரு இடமும் இல்லை.

அப்படியானால் எதனால் வருகிறது? மனிதன் தலையில் சுமார் ஒரு லட்சம் மயிர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மயிரும் தனித்தனிக் கணக்கில் வாழ்கிறது. இரண்டு முதல் ஆறு வருஷம் வரை வளரும், பிறகு சில வாரங்களில் வளர்ச்சி நின்று, சுமார் மூன்று மாதம் சும்மா இருந்து உதிரும், அதே குழியிலிருந்து மறுபடியும் புது மயிர் முளைக்கும். ஆகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர் உதிர்வது யாருக்கும் உள்ளதேயாகும். சீப்பில் நாலு மயிரைக் கண்டு அலறுகிறவன், மரத்தடியில் பழுத்த இலையைக் கண்டு மரம் செத்துவிட்டதென்று அலறுகிறவனுக்கு ஒப்பாவான்.

ஆண்களின் வழுக்கையில் நடப்பது வேறு. நெற்றிப் பக்கமும் உச்சியிலும் உள்ள மயிர்க்குழிகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, தடித்த மயிருக்குப் பதிலாகப் பூனை மயிர் போன்ற மெல்லிய மயிரை விடுகின்றன. கடைசியில் அதுவும் கண்ணுக்குத் தெரியாமற் போகிறது. இதற்குக் காரணம் ஆணின் உடலில் ஊறும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்புநீரும், அது மாறி உண்டாகும் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்பதும், அவற்றுக்கு அக்குழிகள் இடங்கொடுக்கும் பரம்பரைத் தன்மையுமாகும். 1942-ம் வருஷத்தில் அமெரிக்காவில் ஹாமில்டன் என்னும் விஞ்ஞானி ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார். பருவம் வருமுன் விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழவில்லை என்பதையும், அவர்களுக்கு அச்சுரப்புநீரை ஊசி மூலம் செலுத்தினால், குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு வழுக்கை விழத் தொடங்குகிறது என்பதையும் அவர் கண்டு சொன்னார். கண்டதைச் சோதித்தார், சோதித்ததை எழுதினார், மற்றவர்களும் சோதித்துப் பார்க்க விட்டார். இதற்குப் பெயர்தான் அறிவு. "எங்கள் தாத்தாவுக்குக் கனவில் வந்த மூலிகை" என்பதற்கு அந்தப் பெயர் இல்லை.

இனி, தோழர்கள் கேட்கும் கேள்விகளுக்கு வருவோம்.

தாய்மாமனுக்கு வழுக்கை என்றால் நமக்கும் வருமா என்கிறார்கள். தாய் வழியாக வரும் ஒரு பாரம்பரியக் கூறு முக்கியமானது என்பது மெய். ஆனால் தகப்பன் வழியிலும் பல கூறுகள் வருகின்றன. ஆகவே மாமன் தலையை மாத்திரம் பார்த்துத் திட்டுவதில் பயனில்லை.

உடம்பின் உஷ்ணத்தினால் மயிர் கொட்டுகிறது என்கிறார்கள். உஷ்ணம் என்றால் எவ்வளவு, எந்தக் கருவியில் அளந்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. மயிர்க்குழி சுருங்குவதற்கும் இவர்கள் சொல்லும் உஷ்ணத்துக்கும் சம்பந்தமே இல்லை. வாரம் ஒரு முறை எண்ணெய் தேய்த்துக் குளிப்பது சுகமாக இருந்தால் குளித்துக்கொள்ளட்டும். அதை வைத்தியம் என்று சொல்ல வேண்டாம்.

ஹெல்மெட் போட்டால் வழுக்கை விழும் என்று நம்மூர் மோட்டார் சைக்கிள்காரர்கள் சொல்வதை நாம் மிகவும் கண்டிக்கிறோம். மயிர் சுவாசிப்பது தலைக்கு வெளியேயுள்ள காற்றினால் அல்ல. மயிர்க்குழிக்கு வேண்டியதை இரத்தம் கொண்டு வருகிறது. ஹெல்மெட்டினால் வேர்வை உண்டாகும், பொடுகு இருந்தால் அரிக்கும், உள்ளே ஒரு துணி கட்டிக்கொண்டு அதைத் துவைத்தால் தீர்ந்தது. தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூருக்கு லாரிகளுக்கு நடுவே தினமும் போய்வருகிற ஒருவன், மயிரைக் காப்பாற்றுவதற்காகத் தலையையே கொடுப்பதென்றால், அதைவிடப் பைத்தியக்காரத்தனம் வேறு உண்டா?

போர் தண்ணீரின் உப்பினால்தான் வழுக்கை என்கிறார்கள். உப்புத் தண்ணீர் மயிரைச் சொரசொரப்பாக்கலாம், ஒடியச் செய்யலாம். ஆனால் நெற்றியில் தொடங்கி உச்சிக்கு ஏறும் வழுக்கையை அது உண்டாக்குவதில்லை. அதே தண்ணீரில் குளிக்கும் அக்காளுக்கும் தங்கைக்கும் ஏன் அப்படி வழுக்கை விழவில்லை என்பதை யோசித்தாலே போதும்.

ஆனால் திடீரென்று ஒரு ஊரே மயிர் இழந்தால் அது வேறு சங்கதி. 2024-ம் வருஷக் கடைசியிலும் 2025 ஜனவரியிலும் மராட்டிய நாட்டு புல்தானா ஜில்லா ஷேகாவ் தாலூக்காவின் சில கிராமங்களில், ஆண் பெண் குழந்தை என்ற பேதமின்றிச் சில நாட்களுக்குள் ஜனங்களுக்கு மயிர் கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் வந்து தண்ணீர், இரத்தம், மயிர் எல்லாவற்றையும் எடுத்துப் பரீட்சித்தார்கள். ரேஷன் கோதுமையில் செலினியம் என்னும் தாதுப்பொருள் அளவு கடந்து இருந்ததே காரணமென்று டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் எடுத்துச் சொன்னார். இப்படிப்பட்ட இடத்தில் வேண்டியது பரீட்சையே தவிர, தைலமும் அல்ல, மாரியம்மனுக்குக் கூழும் அல்ல.

மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளரும் என்பது வீட்டுக்கு வீடு உள்ள நம்பிக்கை. 1928-ம் வருஷத்திலேயே மில்டிரெட் டிராட்டர் என்னும் அமெரிக்க விஞ்ஞானப் பெண்மணி, சிரைப்பதால் மயிரின் பருமனும் வேகமும் மாறுவதில்லை என்று அளந்து காட்டிவிட்டார். சிரைத்த மயிரின் முனை மழுங்கி இருப்பதால் கைக்குத் தடிப்பாகத் தோன்றுகிறது, அவ்வளவே. திருப்பதிக்குப் போய் மயிர் கொடுத்தால் மயிர் வளரும் என்பதும் இதைச் சேர்ந்ததே. அங்கே கொடுக்கும் மயிர் மூட்டை கட்டி ஏலம் விடப்பட்டு, டோப்பா செய்வதற்காகக் கடல் கடந்தும் போகிறது என்பது யாவரும் அறிந்த வியாபாரம். மயிர் வேண்டுமென்று வேண்டிக்கொண்டவன் தன் மயிரைக் கொடுக்கிறான், வேண்டிக்கொள்ளாத வெள்ளைக்காரன் அந்த மயிரைத் தலையில் வைத்துக்கொள்கிறான். வேண்டுதல் யாருக்குப் பலித்தது என்பதைப் பக்தர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

கைப்பழக்கத்தினால் மயிர் கொட்டும் என்று லாட்ஜுகளில் ரூம் எடுத்துத் தங்கும் வைத்தியர்கள் வாலிபர்களைப் பயமுறுத்திப் பணம் பறிக்கிறார்கள். இது சுத்தப் பொய். அதுபோலவே வழுக்கைத் தலையனுக்கு வீரியம் அதிகம் என்பதும், பணம் சேரும் என்பதும் பொய்யேயாகும். வழுக்கை உள்ளவனுடைய இரத்தத்தில் அந்தச் சுரப்புநீர் மற்றவர்களைவிட அதிகமாக இருக்க வேண்டுமென்பதில்லை. அவனுடைய மயிர்க்குழிதான் அதற்கு எளிதில் இணங்குகிறது. வழுக்கையினால் பணம் சேருமென்றால், நம் சந்தையில் மூட்டை தூக்கும் வழுக்கைத் தலைத் தோழர்கள் இதற்குள் மிராசுதாரர்களாகி இருக்க வேண்டாமா?

காசு அளவுக்கு வட்டமாக மயிர் போவதைப் புழுவெட்டு என்கிறார்கள். அங்கே எந்தப் புழுவும் வெட்டுவதில்லை. நம் உடலைக் காக்கும் சக்தியே தவறுதலாகத் தன் மயிர்க்குழியைத் தாக்குவதால் வருவது அது. பலருக்குச் சில மாதங்களில் தானாகவே மயிர் முளைத்துவிடும். டைபாய்டு, டெங்கு, கொரோனா போன்ற காய்ச்சலுக்குப் பிறகும், பிரசவத்துக்குப் பிறகும் இரண்டு மூன்று மாதங் கழித்து மயிர் கொத்தாக உதிரும். அதுவும் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே சரியாகும்.

தைலக்காரன் பிழைப்பதெல்லாம் இந்தத் "தானாகவே" என்ற ஒரு வார்த்தையில்தான். தானாக முளைக்கப் போகிறவன் தலையில் தைலத்தைத் தடவிவிட்டு, முளைத்ததும் "பார்த்தாயா என் தைலத்தின் மகிமையை" என்கிறான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையே அல்லவா இது? முளைக்காத நூறு பேர் வெட்கப்பட்டு வெளியே சொல்வதில்லை. முளைத்த ஒருவன் படம் ஊரெல்லாம் உலவுகிறது. பரிகாரம் செய்து பிழைத்தவன் சாட்சி சொல்ல வருகிறான், செத்தவன் வருவதில்லை என்பது போலவே இதுவும்.

எல்லைக்கு அப்பால் மைசூர்ப் பக்கம் ஹுன்சூரிலிருந்து "ஆதிவாசித் தைலம்" என்று ஒன்று, கைபேசிப் படங்களின் வழியாக இந்தியா முழுவதும் வந்து கொண்டிருக்கிறது. 108 மூலிகை சேர்த்தது என்கிறார்கள். ஹக்கி பிக்கி என்னும் அம்மக்கள் முன்பு பறவை பிடித்தும் வேட்டையாடியும் வாழ்ந்தவர்கள். 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அத்தொழில் போய்விட்டதால் மூலிகையும் எண்ணெயும் விற்கிறார்கள். வயிற்றுப்பாட்டுக்கு விற்கும் ஏழைகள் மீது நமக்குக் கோபமில்லை. ஆனால் 108 என்பது எந்தக் கணக்கு என்று கேட்கிறோம். அர்ச்சனைக்கு 108, தேங்காய்க்கு 108, இப்போது எண்ணெய்க்கும் 108! எண்ணைக் கண்டு மயங்குவதற்கு நம் ஜனங்களைப் பழக்கிவிட்டவர்கள் யார்? ஒரு மூலிகையினால் மயிர் முளைக்குமானால் அந்த ஒன்றையே காட்டலாமே, மற்ற 107 எதற்கு? கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் சினிமாக்காரர்கள் கூலி வாங்கிக்கொண்டு இதற்குச் சாட்சி சொல்கிறார்களே, அவர்கள் மீதுதான் நமக்குக் கோபம்.

கேரளத்தில் ஒருவர் இப்படிப்பட்ட விளம்பரத்தை நம்பி ஒரு மயிர்க் கிரீமை வாங்கித் தடவி, மயிர் வளராததால் திருச்சூர் ஜில்லா நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டார். விளம்பரத்தில் தோன்றிய நடிகர், தாம் அதை உபயோகித்ததில்லை என்று ஒப்புக்கொண்டார். கம்பெனிக்கு 10,000 ரூபாயும் நடிகருக்கு 10,000 ரூபாயும் மன்றம் அபராதம் போட்டது. 2021-ம் வருஷத் தொடக்கத்தில் இச்செய்தி பத்திரிகைகளில் வந்தது. தொகை சிறிதானாலும், தடவாத எண்ணெய்க்குச் சாட்சி சொல்வது குற்றம் என்று தீர்ப்பானதே பெரிதாகும். அந்த ஒரு மனிதருக்கு இருந்த சுயமரியாதை நம் தோழர்களுக்கும் வரவேண்டும்.

வடநாட்டில் நடந்தவற்றையும் கேளுங்கள். 2024 டிசம்பரில் மீரத்தில், வழுக்கையில் மயிர் முளைக்கச் செய்வதாகச் சொல்லி, தலையில் மருந்து தடவ 20 ரூபாயும் தைலத்துக்கு 300 ரூபாயும் வாங்கிய கூட்டத்தாரைப் போலீசார் கைது செய்தார்கள். 2025 மார்ச் 16-ந் தேதி பஞ்சாபில் சங்க்ரூர் என்னும் ஊரில் ஒரு காளி கோவிலில் கூடிய மயிர் வளர்ப்பு முகாமில் எண்ணெய் தடவிக்கொண்டவர்களில் 60-க்கு மேற்பட்டவர்கள், கண் சிவந்து எரிந்து, சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மயிர் கேட்கப் போனவர்கள் கண்ணைப் பறிகொடுக்கவிருந்தார்கள். காளி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1945-ம் வருஷத்து மருந்து விதிகளில் ஜே அட்டவணை என்று ஒன்று உண்டு. குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை பாராட்டக்கூடாத வியாதிகளின் பட்டியல் அது. அதில் வழுக்கையும் இருக்கிறது, புது மயிர் முளைப்பிப்பதும் இருக்கிறது. சட்டம் ஏட்டில் தூங்குகிறது, தைலம் வீதியில் விழித்திருக்கிறது.

அப்படியானால் ஒரு வைத்தியமும் இல்லையா என்றால், உண்டு. உள்ளதை உள்ளபடி சொல்வதே நம் கடமை. மினாக்ஸிடில் என்பது இரத்த அழுத்தத்துக்காகச் செய்த மருந்து. அதைச் சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் மயிர் வளர்வதைக் கண்டு, தலையில் பூசும் மருந்தாகச் சோதித்து, 1988-ல் அமெரிக்க சர்க்கார் அனுமதித்தது. பூசத் தொடங்கிய சில வாரங்களில் முதலில் கொஞ்சம் உதிரலாம். பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதமாகும். நிறுத்தினால் சில மாதங்களில் வந்ததும் போய்விடும். பினாஸ்டெரைடு என்பது மாத்திரை. டொமினிகன் நாட்டில் சில குடும்பத்து ஆண்களுக்கு டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் ஊறாததை 1974-ல் ஆராய்ந்து எழுதினார்கள். அவர்களுக்கு வழுக்கையும் விழவில்லை. அந்த அறிவிலிருந்து பிறந்த இம்மருந்து 1997-ல் வழுக்கைக்கு அனுமதிக்கப்பட்டது. பலருக்கு உதிர்வதை நிறுத்துகிறது, சிலருக்கு முளைக்கவும் செய்கிறது. ஆனால் நூற்றில் சிலருக்கு ஆண்மை இச்சை குறையலாம், மனச்சோர்வும் வரலாம். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடலாகாது. ஆதலால் மருந்துக்கடையில் நாமாகக் கேட்டு வாங்காமல், தோல் வைத்தியரைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். இதற்குக் கிருஷ்ணகிரியில் 2022-ல் திறந்த சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கும்போது, விளம்பரப் பலகை பார்த்து ஓட வேண்டியதில்லை.

மயிர் நடுவதென்பது, பின்மண்டையிலுள்ள விழாத மயிரைக் குழியோடு எடுத்து முன்னே நடுவதாகும். புது மயிர் உண்டாவதில்லை, இடம் மாறுகிறது. தேர்ந்தவர் செய்தால் நிற்கும். ஆனால் இது ஒரு ரண சிகிச்சை என்பதை மறக்கக்கூடாது. 2016-ல் சென்னையில் மயிர் நட்டுக்கொண்ட வாலிபர் ஒருவர் இறந்தார். அவர் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தவர்! படித்தவரையே இந்த ஆசை ஏமாற்றுமானால் மற்றவர்கள் எம்மாத்திரம்? 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், முறைப்படி ரண சிகிச்சைப் பயிற்சி பெற்ற டாக்டர்களே இதைச் செய்யலாமென்றும், கைபேசிப் படம் பார்த்துக் கற்றது பயிற்சியாகாதென்றும் எழுதி வெளியிட வேண்டியதாயிற்று. அப்படியும் ஒரு கற்றல் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆகவே நடுகிறவர் யார், அவர் படிப்பு என்ன, மயக்க மருந்து கொடுப்பவர் யார், அவசரத்துக்கு என்ன ஏற்பாடு என்ற நான்கையும் கேளாமல் தலையை நீட்டாதீர்கள்.

நிற்க, இவ்வளவுக்கும் அடியில் இருக்கும் காரணத்தை யோசிப்போம். வாலிபர்கள் பயப்படுவது வழுக்கைக்கு அல்ல, கல்யாணச் சந்தைக்கு. "பையனுக்கு முடி இல்லையாம்" என்று பெண் வீட்டார் சொல்லிவிடுகிறார்கள் என்று அழுகிறார்கள். அழுகிறவர்களைப் பார்த்து நாம் ஒன்று கேட்கிறோம். நேற்று வரை பெண் பார்க்கப் போய், பெண்ணின் சடை சொந்தமா சவுரியா என்று உங்கள் அம்மாவும் அத்தையும் இழுத்துப் பார்த்தபோது நீங்கள் என்ன செய்து கொண்டிருந்தீர்கள்? பஜ்ஜி தின்று கொண்டுதானே இருந்தீர்கள்? புருஷன் செத்துப்போனால், பதினாறு வயதுப் பெண்ணையும் பிடித்து உட்கார வைத்து மொட்டை அடித்து மூலையில் தள்ளிய நாடல்லவா இது? பெண்ணின் மயிரை அளந்து அவளுக்கு விலை போட்ட அதே முழக்கோல் இன்று ஆணின் தலையிலும் வந்து விழுந்திருக்கிறது. கோல் இருக்கும் வரையில் அது யார் தலையிலாவது விழத்தான் செய்யும். ஆதலால் தைலம் வாங்கிக் கோலுக்குத் தப்பப் பார்ப்பதைவிட, கோலை ஒடித்துப் போடுவதே ஆண்பிள்ளைத்தனமாகும்.

ஆணும் பெண்ணும் நேரில் பேசி, குணத்தையும் அறிவையும் உழைப்பையும் பார்த்து, சம்மதித்து மணந்துகொள்ளும் வழக்கம் வந்துவிட்டால், வழுக்கைக்கும் சடைக்கும் என்ன வேலை? ஜாதகத்தைப் பொருத்தி, ஜாதியைப் பொருத்தி, நகையைப் பொருத்தி, மயிரையும் பொருத்திப் பார்த்தவர்கள், இரண்டு மனம் பொருந்துகிறதா என்பதை மாத்திரம் பார்க்க மறந்துவிட்டார்கள்.

ஆகவே தோழர்களே! மயிர் வேண்டுமென்றால் பரீட்சித்து நிரூபித்த வைத்தியம் இருக்கிறது, அதன் அளவும் ஆபத்தும் தெரிந்து செய்துகொள்ளுங்கள், அதில் வெட்கமில்லை. வேண்டாமென்றால் கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள், அதிலும் வெட்கமில்லை. எவனாவது புட்டியை நீட்டினால், "எத்தனை பேருக்குக் கொடுத்தாய், எத்தனை பேருக்கு முளைத்தது, கொடுக்காதவர்களில் எத்தனை பேருக்குத் தானாக முளைத்தது, எண்ணிப் பார்த்தவர் யார்?" என்ற கேள்விகளைக் கேளுங்கள். புட்டிக்காரன் ஓடிவிடுவான். இதே கேள்விகளைப் பரிகாரக்காரனிடமும் ஜோசியக்காரனிடமும் கேட்டுப் பழகுங்கள், அவர்களும் ஓடிவிடுவார்கள். தலைக்கு வெளியே இருப்பது வயதில் உதிரலாம். உள்ளே இருப்பதை உதிர விடாமல் பார்த்துக்கொள்வதுதான் மானம்.